நாக்கும் கறுத்த சேவல்

சேவலின் வாயைத் திறந்து பார்க்காமல் வாங்குகிறவரை நான் வாடிக்கையாளராகவே மதிப்பதில்லை, ஐயா. இறகும் கொண்டையும் நகமும் கறுத்த சேவல்கள் எங்கள் தெமாங்குங் சந்தைக்கு எத்தனையோ வரும். நாக்கும் கறுத்தது நூற்றில் ஒன்று. அதுதான் அசல் செமானி.

எங்கள் ஜாவாக் கணக்கில் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் பஹிங் நாளன்று சந்தை கூடும். போன மாதம் ஒரு பஹிங்கில் புகையிலைக் காட்டுக் கூலிக்காரி சுமிரா வந்தாள். ஆறு வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நாக்குக் கறுத்த சேவலின் இரத்தம் நெற்றியில் படட்டும், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி என்று மந்திரிக்கிறவர் சொல்லிவிட்டாராம்.

"பாக் துகியோ, ஒண்ணு இருந்தா குடுங்க. புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்கறான்." பாக் என்றால் எங்கள் பேச்சில் ஐயா, துகியோ நான்தான்.

"அது என்ன கத்தரிக்காயா தங்கச்சி, கூடையில கொட்டி வைக்க? அடுத்த பஹிங் வா, பாக்கலாம்."

எதிர்க்கடையில் மரவள்ளி வறுவல் விற்கும் பார்த்தினி சும்மா இருக்கவில்லை. "யோவ், அவள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுய்யா."

"நான் சேவல் விக்கறவன். புத்தி விக்கறதில்ல."

வீட்டில் ஒன்று இருந்தது. கேட்டவுடன் எடுத்து நீட்டிய சேவலை யாரும் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. ஒரு சந்தை காக்க வைத்தால் கும்பிட்டு வாங்குவார்கள். இது என் அப்பா காலத்துப் பழக்கம். அவள்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை.

அந்தக் காய்ச்சல் அப்போது ஊர் முழுக்க இருந்தது. அதே வாரம் என் மகளுக்கும் வந்தது. அன்றே பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அடுத்த பஹிங்கில் சுமிரா பேரம் பேசவில்லை. வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, நான்தான் காட்டினேன். சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பையன் போய்விட்டான்.

சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். "இனி எனக்கு எதுக்கு பாக்" என்று சேவலைக் கீழே விட்டாள். அது நேராகக் கொல்லைக்குப் போய்த் தன் பழைய கூண்டில் ஏறி உட்கார்ந்தது. என் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதற்கு அரிசி போட்டாள். சுமிரா கூண்டைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பத்திரிகைக்காரர் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஆமாம், இருந்தது, வைத்துக்கொண்டே இல்லை என்றேன். அவன் செத்தது அதனால்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போலிச் சரக்கு விற்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேண்டுமானால் வந்து வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு கறுப்புதான்.