சத்தம் வராத கேமரா

கேமரா வாங்குவதாக இருந்தால் புதியதாகவே வாங்குவது நல்லது. பழையதைப் பிரித்துச் சரிசெய்து விற்பதிலும் நல்லவை இருக்கின்றன, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் குறை என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்ட எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அது பிடிவாதம் இல்லை, மேடம். புதியவர்கள் முன்னாலும் நாலு பேர் முன்னாலும் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வெறும் காற்றுதான் வரும். 'பஞ்சர்' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை வயிற்றுவலி என்று படுத்தேன், அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. அம்மா ஒரு வாரம் திட்டினாள், ஒரு வாரம் கெஞ்சினாள், மூன்றாம் வாரம் திரைச்சீலைக்கு ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவுக்கு அதுதான் தொழில். அப்பா இல்லை. அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும் தையல் மெஷினும்தான்.

எழுதித் தருகிறாயா என்று கேட்டு இந்த நீள நோட்டைக் கொடுத்தீர்கள். நன்றி. எழுதுவது எனக்குச் சுலபம். ஆறு வருடமாக எழுதுகிறேன். இருபத்திரண்டு நோட்டு ஆகிவிட்டது, வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் இருக்கும். உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. யார் வந்தார்கள், என்ன நிறத் துணி தைத்தோம், அடுத்த வீட்டுக்காரர் எந்தச் செருப்பைக் காணோம் என்று தேடினார், இவ்வளவுதான். எனக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. தொடங்கிய பக்கத்தைப் பாதியில் விட மாட்டேன். விட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு எதுவும் ஓடாது.

போன வருடம் ஒருநாள் காலையில் அம்மா குளியலறையில் விழுந்தாள். முதலில் வாளி உருண்டது, பிறகு கனமாக ஒன்று விழுந்தது. நான் சமையலறையில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கம் முடிய ஒன்பது வரி பாக்கி. முடித்துவிட்டுப் போனேன். ஒன்பது வரிதான், ஆனால் கடைசி வரிக்குச் சரியான சொல் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. விழுந்ததுமே கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என் தலையைத் தடவிக்கொடுத்தான்.

அதன்பிறகு அம்மாவுக்கு வலது பக்கம் அசையவில்லை. எல்லாம் புரியும், பேச வராது. "ம்" மட்டும் வரும். அண்ணன் பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டான். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். நன்றாகவே செய்தேன். முதுகில் ஒரு புண் வரவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம், பொழுது போகாமல், என் நோட்டு ஒன்றை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வராத குரல் தெளிவாக வந்தது. எதிரில் இருப்பவர் திரும்பப் பேச மாட்டார் என்று தெரிந்தால் எனக்குக் குரல் வருகிறது போல. செருப்புத் தேடிய கதைக்கு அம்மா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் வாசித்தேன். முதல் நோட்டிலிருந்து வரிசையாக. ஒன்றையும் தாண்டிப் போகவில்லை.

பத்தொன்பதாவது நோட்டில்தான் அந்தக் காலை இருந்தது. வாளி உருண்டது, ஒன்பது வரி, எல்லாம். அதையும் வாசித்தேன். அம்மா "ம்" சொல்லவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் நோட்டை எடுக்கவில்லை. அம்மா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். பிறகு அந்த நோட்டு இருந்த பக்கம் கையை நீட்டினாள். அதற்கடுத்த நாளும் நீட்டினாள். சாட்சிப் பொருளைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த மாதம்தான் பேச்சுப் பயிற்சி தரும் அக்காவை அண்ணன் ஏற்பாடு செய்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் வருவார். நல்ல மாதிரி, எதற்கெடுத்தாலும் சிரிப்பார். முதல் நாளே அம்மாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"கவலையே படாதம்மா. ஆறு மாசத்துல உங்கம்மா உன்னத் திட்டலேன்னா என் பேர மாத்திக்கறேன்."

நான் தலையாட்டினேன்.

"என்ன, பொண்ணுக்கு முகமே சரியில்ல? திட்டு வாங்காம சுகமா இருந்துட்டியோ?" என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா "ம்" என்றாள்.

அப்புறம்தான் கேமரா. அம்மா தேறுவதைத் தினமும் தன் போனில் பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னையும் கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரர் இரண்டு கேமராக்களை மேசைமேல் வைத்தார். ஒன்று புதியது, அட்டைப்பெட்டியோடு. படமும் வரும், சத்தமும் வரும், அண்ணன் தன் ஊரிலிருந்து பேசினால் வீட்டில் அம்மாவுக்குக் கேட்கும். இன்னொன்று பெட்டி இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

"இது செகண்ட் ஹேண்டா?" என்று அண்ணன் கேட்டான்.

"செகண்ட் ஹேண்ட்னு சொல்லாதீங்க சார், அது கோவிச்சுக்கும். ரீஃபர்பிஷ்டு. பிரிச்சு, தொடச்சு, போன பார்ட்ட மாத்தி, ஆறு மாசம் வாரண்டியோட குடுக்கறோம். பாதி விலை. மைக் மட்டும் போயிடுச்சு, மாத்தல. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"சத்தம் வராதா? அப்ப புதுசே குடுங்க."

அந்த நேரத்தில் அண்ணனுக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. வாசலுக்குப் போனான். கடைக்காரர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீதானேம்மா வீட்ல பாத்துக்கப் போற? ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு வராத. இந்தப் பழசு சூடானா படம் அப்படியே நின்னுடும். மேல மணி ஓடிக்கிட்டே இருக்கும், படம் மட்டும் நிக்கும். பாக்கறவங்களுக்குத் தெரியாது. வெயில் படற எடத்துல வெக்காத."

"மணி ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும்."

"படம் மட்டும் நிக்குமா?"

"அதான் சொல்றேனே."

புதியவரிடம் எனக்குக் குரல் வந்தது அன்றுதான். அதனால்தான் அவருக்கு என்னை நினைவு இருந்திருக்கிறது.

அண்ணன் திரும்பி வந்ததும், "பழசே போதும்ணா" என்றேன். "சத்தம் வந்தா அம்மாவுக்குத் தொந்தரவு. நீ திடீர்னு பேசினா தூக்கிவாரிப் போடும்."

அண்ணன் போனைப் பைக்குள் போட்டான். "பாப்பா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு எத்தன வருஷம் ஆச்சு" என்று கடைக்காரரிடம் சொன்னான். "அதையே குடுங்க." வழியெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டு வந்தான். எனக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம்.

கேமராவை அலமாரியின் மேல், ஜன்னலுக்கு நேராக வைத்தேன். கட்டில் முழுவதும் தெரிய வேண்டும் என்றால் அதுதான் சரியான இடம். ஒன்றரை மணிக்கு அங்கே வெயில் வரும். இரண்டுக்குள் படம் நின்றுவிடும். நாலரை வாக்கில் தானாக உயிர் வரும். என் போனிலும் அதே படம் தெரியும். கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டிவிட்டு போனைப் பார்ப்பேன். கை தெரியாவிட்டால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தைரியமாக நோட்டை எடுத்து எழுதுவேன். அதற்காகத்தான் பழையதை வாங்கினேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

பயிற்சியின்போது அந்த அக்கா கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டு ஆள் இருந்தால் நோயாளி கூச்சப்படுவார்களாம். நான் சமையலறையில் நிற்பேன். தையல் மெஷின் ஓடாத வீட்டில் மெல்லிய சத்தம்கூடக் கேட்க வேண்டும், ஆனால் அவர் வேண்டுமென்றே மின்விசிறியை வேகமாக வைத்துவிடுவார். ஒருநாள் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, அம்மா வாய் அசையுதே. பேசறாங்களா?"

"பயிற்சிண்ணா. சும்மா அசைக்கச் சொல்லுவாங்க."

"எனக்கு என்னவோ ஏதோ சொல்ற மாதிரியே இருக்கு. சே, சத்தம் இருக்கறதா வாங்கியிருக்கலாம்."

அடுத்த செவ்வாய் அந்த அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழம உங்க அண்ணன லீவு போட்டுட்டு வரச் சொல்லிட்டேன். அம்மா அவர்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். மூணு வாரமா அதையே பழகறாங்க. நீயும் இரு, உன்னப் பத்தித்தான்."

"என்ன சொல்லப் போறாங்க?"

"அதச் சொன்னா அம்மா என்னக் கடிச்சிடுவாங்க. பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

என்னைப் பற்றி அம்மாவிடம் அண்ணனுக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்தேன். வேறு என்ன இருக்க முடியும். அண்ணன் என் தலையைத் தடவியது நினைவுக்கு வந்தது. அந்தக் கை இனி என்னைத் தொடாது. என் நோட்டுகளை எரிப்பார்கள். இதைப் பற்றி நான் அழவில்லை. ஓரம் மடிப்பதற்கு அளவெடுப்பது போல யோசித்தேன்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, வெளிர்நீலப் போர்வையை மாற்றினேன். பிசைந்து ஊட்டினேன், வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள். என் கன்னத்தை இடது கையால் தொட்டாள். பிறகு தூங்கிவிட்டாள். ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கையை ஆட்டிப் பார்த்தேன். போனில் கை தெரியவில்லை. கம்பி உயர்த்திய கட்டிலில் அம்மா அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டில் கம்பியை இறக்கினேன். அம்மாவின் இடது பக்கம் இருந்த ஸ்டூலை ஒரு முழம் தள்ளி வைத்தேன். அதன்மேல் பத்தொன்பதாவது நோட்டை வைத்தேன். அதை மறதியாக வைத்ததாக நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதும்போது அப்படி எழுத வரவில்லை.

சமையலறைக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டே காலுக்குக் கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் இல்லை, கம்பிதான் கீழே இருக்கிறதே. மெத்தை முனகியது. பிறகு ஸ்டூல் சாய்ந்தது, பிறகு கனமாக ஒன்று விழுந்தது. பக்கம் முடியப் பதினொரு வரி இருந்தது. முடித்தேன். அடுத்த பக்கத்தையும் எழுதினேன். அம்மாவுக்குக் குப்புற விழுந்தால் புரள முடியாது என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தரையில் நகம் உரசும் சத்தம் வந்தது. இடையில் இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன். படத்தில் அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலரைக்கு அண்ணன் போன் செய்தான். "பாப்பா, அம்மா கட்டில்ல இல்ல" என்றான். அப்போதுதான் அறைக்குப் போனேன். அம்மாவின் கை நோட்டின் மேல் இருந்தது.

மூன்று மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, ராத்திரி வந்து சேர்ந்த அண்ணன் அவரோடு சண்டைக்குப் போனான். நாலு மணிக்குக்கூட நான் பார்த்தேன், அம்மா தூங்கிட்டு இருந்தாங்க, என் தங்கச்சி அப்படி விட்டுட்டு இருக்கற பொண்ணு இல்ல என்று போனை நீட்டி நீட்டிக் காட்டினான். அவன் காட்டியதால்தான் நீங்கள் கடைவரைக்கும் போனீர்கள். அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். விஷயம் தெரியாது, கையில் ஒரு பொட்டலம் இனிப்பு. வாசலில் கூட்டத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"மூணு வாரம்மா. ஒரே ஒரு வாக்கியம். 'பாப்பா நல்லா எழுதறா, அவள திரும்பப் படிக்க வை.' அந்த 'ழு' மட்டும் அவங்களுக்கு வரவே இல்ல. நாக்கு மடியல. செவ்வாக்கிழமதான் வந்துச்சு. வந்ததும் அவங்களே கை தட்டிக்கிட்டாங்க, கட்டில்ல, ஒத்தக் கையால."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இதில் யாரைக் குறை சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அக்கா அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம். அம்மா 'ம்' சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் வருகிற கேமராவாக இருந்திருந்தால் அண்ணன் அதைக் கேட்டிருப்பான், எனக்கும் சொல்லியிருப்பான், இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. அதனால்தான் தொடக்கத்திலேயே புதியது வாங்குங்கள் என்று எழுதினேன். மற்றபடி கம்பியை இறக்கியது நான்தான், நோட்டை வைத்தது நான்தான், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

அண்ணன் வெளியே வந்து நிற்கிறானாம். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறானாம், சீக்கிரம் வா என்று இப்போது கதவருகே வந்து சொல்கிறீர்கள். வருகிறேன், மேடம். இந்தப் பக்கம் முடிய இன்னும் ஆறு வரி இருக்கிறது.