கண்ணில் படாத இடம்

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். கரமனைப் பாலத்திலிருந்து கிள்ளிப்பாலத்துக்கு வரும் ரோடு... இப்போது இருக்கிற மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் கோலப்பன், மண்வேலைக் கான்ட்ராக்டர். நம்ம சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் தாணுமாலையனுக்கு அத்தான் முறை.

பாலம் தாண்டியதும் ஸ்கூட்டரின் பின்பக்கம் தாழ்ந்தது... யாரோ ஏறி உட்கார்ந்தது போல. ஸ்பிரிங் 'க்றீச்' என்றது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. வெள்ளைப்பூண்டை நசுக்கிய மாதிரி ஒரு மணம் மட்டும்.

டயரில் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்தார். கெட்டிக்காரர்கள் எப்போதும் டயரைத்தான் சந்தேகிப்பார்கள்.

அன்று பகலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெளியே ஒதுங்க வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். பிறகு தனியாகப் போக மாட்டீர்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி இருந்து மூடிப்போனது. பெயர் சொல்ல மாட்டேன். வாரிசுகள் கேஸ் கொடுப்பார்கள். அந்த மண்ணில் புல் முளைக்காது, கிளறினால் பூண்டு மணம் அடிக்கும். காக்காய்கூடச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். எழுபத்தைந்தாம் வருஷம் அங்கே குவார்ட்டர்ஸ் கட்டுவதாக முடிவாயிற்று. வெங்கடேஸ்வரன் என்று ஒரு இன்ஜினீயர், வெளிநாட்டில் படித்தவர், கோலப்பனுக்குப் பொறுமையாகச் சொன்னார். விஷ மண்ணை ஆள் உயரத்துக்கு வழித்தெடுக்க வேண்டும். களிமண் மெழுகிய குழியில் போட்டு, மேலேயும் களிமண்ணால் மூட வேண்டும். மிச்ச நிலத்தில் வெட்டிவேர் நட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை உறிஞ்சும். அப்புறம்தான் வீடு.

"செய்திரலாம் சாரே" என்றார் கோலப்பன்.

வேலை தொடங்கிய அன்றே தடங்கல். பழைய மருந்துத் தொட்டியை மூடியிருந்த மூலையில், செங்கல்லில் ஒரு மாடன் பீடம். கூலிக்காரர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். மாடனை மாற்றாமல் மண்வெட்டி தொட மாட்டோம் என்றார்கள். மாற்றுவதற்கு முறை உண்டு. ஒரு பிடி மண் எடுத்து, சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புது இடத்தில் கொண்டு போட வேண்டும். பிடிமண் போகிற இடத்துக்குச் சாமி பின்னாலேயே வந்துவிடும்.

"பேரச் சொல்லித்தான் கூப்பிடணும் மொதலாளி" என்றான் மேஸ்திரி பிச்சைக்கனி. "இந்தத் தொட்டிக்குள்ள பேச்சி கெடக்கா. மண்ணு சொமக்க வந்தவ. ஏழு மாசப் பிள்ளத்தாச்சி. வழுக்கி உள்ள விழுந்தா. தூக்குனா கேஸாயிரும்னு கம்பெனிக்காரன் மேலேயே மண்ணத் தட்டி மூடிட்டான். பேரு சொல்லாமக் கூப்பிட்டா அவளும் வந்துருவா."

கோலப்பனுக்குச் சிரிப்பு. ஒரு பிடி அள்ளித் தோள் துண்டில் முடிந்துகொண்டு சத்தமாகச் சொன்னார். "இங்க கெடக்கப்பட்ட எல்லாரும் எங்கூட வாங்க! வந்து வேலையப் பாருங்க!"

வேறு யாரும் சிரிக்கவில்லை.

தோண்டும்போது மண்வெட்டியில் இரண்டு கண்ணாடி வளையல் வந்தது. கூடவே ஒரு சும்மாடு. தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற துணிச்சுருள்தான். நீலத்துணி. பிச்சைக்கனி கையெடுத்துக் கும்பிட்டான். "சேத்து அள்ளுடே" என்றார் கோலப்பன்.

மண்ணை எங்கே கொட்டுவது என்று லாரிக்காரன் வந்து கேட்டான். "மொதலாளி, எங்க தட்டணும்?"

"கண்ணுல படாத எடத்துல தட்டுடே."

களிமண்ணாவது, குழியாவது! ஒவ்வொரு லாரிக்கும் அதே கேள்வி, அதே பதில். குளம், ஓடை, ஏழைகள் குடிசை போடும் பள்ளம்... ஊரில் கண்ணில் படாத இடத்துக்கா பஞ்சம்? முதல் நாள் கடைசி லாரியையும் அனுப்பிவிட்டுத்தான் அந்த ராத்திரி ஸ்கூட்டரில் வந்தார். துண்டில் முடிந்திருந்த மண்ணை மறந்தே போனார்.

காலையில் அவர் மனைவி பொன்னம்மை அந்தத் துண்டைக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தின் மூட்டில், வேர்ப்பக்கம், உதறினாள்.

அன்று ராத்திரியே தொடங்கிவிட்டது. கொல்லையில் 'தொப்'. விடிந்து பார்த்தால் கறிவேப்பிலை மூட்டில் ஒரு கூடை மண். பூண்டு மணம். கோலப்பன் அள்ளி எறிந்தார். மறுநாளும் அதே 'தொப்'. கூடவே ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்குரல். கோபம் கிடையாது, அழுகை கிடையாது. வேலைக்காரி கேட்கிற மாதிரி...

"மொதலாளி... எங்க தட்டணும்?"

கோலப்பன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தினமும் இதே கதை. மகள் சிவகாமி அப்போது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பொன்னம்மை அந்தப் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"வயித்துப் பிள்ளக்காரி இருக்கப்பட்ட வீடு. என்னமாம் ஒரு எடத்தச் சொல்லி அனுப்புங்கோ!"

பிச்சைக்கனியும் வந்து சொன்னான். "எஞ்சினீயர் சொன்ன குழிய வெட்டுங்க மொதலாளி. மண்ண எல்லாம் திரும்ப அள்ளிட்டு வந்து போடுவோம். பேச்சி எலும்பையும் பெறக்கி அடக்கம் பண்ணுவோம். குழியக் காட்டிக் குடுத்தா அவ போயிருவா."

"ஒரு கூட மண்ணுக்கு ஊரையே திரும்ப அள்ளணுமாடே?" என்றார் கோலப்பன்.

அன்று ராத்திரி குரல் கேட்டதும் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

"சவமே! கண்ணுல படாத எடத்துல தட்டு!"

கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிற சத்தம்.

"செரி மொதலாளி."

'தொப்' கேட்கவில்லை. அடுத்த அறையில் சிவகாமி தூக்கத்தில் ஒருதரம் முனகினாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொல்லை சுத்தம். பேயை ஒரே அதட்டலில் விரட்டியதாகக் கோலப்பன் பழவங்காடி வரைக்கும் பெருமை பேசினார். சிவகாமிக்குத்தான் நாளுக்கு நாள் வயிறு கனத்தது. தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். "அம்மா, யாரு பூண்டு நசுக்குறா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

வலி கண்டது. மருத்துவச்சி தாசம்மாள் உள்ளே போனாள். போனவள் முதலில் முந்தானையால் மூக்கை மூடினாள். வெகுநேரம் கழித்துக் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"வெந்நி வேண்டாம். ஒரு கூட கொண்டாங்க."

கூடை நிறைந்தது. கறுத்த மண். கடைசியில் வந்தது ஒரு நீலத்துணிச் சும்மாடு... இன்னும் தலைச்சூடு ஆறாமல்.

பிள்ளை இல்லை.

சிவகாமி பிழைத்தாள். அதைப் பிழைப்பு என்று சொன்னால். கோலப்பன் நடுக்கூடத்தில் உட்கார்ந்தே இருந்தார். ராத்திரி கறிவேப்பிலை மூட்டில் சலசலப்பு. பூண்டு மணம் இல்லை. பச்சைப்பிள்ளைக்கு உரசிப் பூசும் வசம்பு மணம். பேச்சியின் கூடைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு அழுகை...

"மண்ணத் தட்டியாச்சு மொதலாளி. அங்க இருந்தத அள்ளிக்கிட்டேன். இத எங்க தட்டணும்?"

கோலப்பன் அன்று மூடிய வாய்தான். எதைச் சொன்னாலும் அவள் செய்துவிடுவாளே. அந்த நிலத்தில் குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது. முன்னால் வெட்டிவேர் செழித்து நிற்கிறது. ஆற்றங்கரை மண்ணைச் சுத்தம் செய்த மாதிரி எங்கேயும் செய்ததில்லை என்று அதிகாரிகள் வந்து மாலை போட்டார்கள். அதற்கும் கோலப்பன் நன்றி சொல்லவில்லை.

வாசல் கதவை யாராவது சாத்துங்கள்... காற்று வருகிறது.

தாணுமாலையன் போன ஆவணியில் கோலப்பன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினான். மறுநாளிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. இப்போதெல்லாம் அங்கே இரண்டு குரலாம். பேச்சி கேட்டு முடித்ததும், அவள் சொல்லிக்கொடுத்தது போலவே, மழலையில் இன்னொன்று...

"தாத்தா, எங்க தட்டணும்?"