டோக்கன் திரை நிற்கக் கூடாது

நான் கோபக்காரன் இல்லை, சார். கே.கே. நகரில் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நவநீதன் குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை என்பார்கள். ஆறு வருடமாக அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். கீழே டோக்கன் திரை, மேலே ஐ.சி.யு. அலாரம், இரண்டும் அதில்தான் ஓடின. மெமரி போதவில்லை. கூடுதலாகக் கேட்டால், "அடுத்த மாசம் பாக்கலாம் நவநீதன்" என்பார் மேனேஜர் செந்தமிழன். சரி, டிஸ்க்கிலேயே ஒரு ஸ்வாப் ஃபைல் போடலாம் என்று இறங்கினேன். தொட்டி வழிந்தால் கீழே ஒரு குடம் வைப்போமே, அதுபோல. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு முறையும் 'செல்லாது' என்றே வந்தது. அந்த டிஸ்க் எதை மாற்றினாலும் நகலெடுத்துத்தான் எழுதும், ஸ்வாப் ஃபைலுக்கு அது ஆகாது; ஃபைல் காலியாக இருக்கும்போதே நகலெடுக்காதே என்று சொல்லிவிட வேண்டுமாம். நான் நிரப்பிவிட்டுச் சொல்லியிருக்கிறேன். இப்போது தெரிந்து என்ன பிரயோசனம்.

மெமரி தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். எதை முதலில் என்று நாம் எழுதி வைக்கலாம். டோக்கன் நின்றால் நூறு பேர் கவுன்ட்டரில் கத்துவார்கள், செந்தமிழன் என்னைத்தான் கிழிப்பார். அலாரம் நின்றால் யாரும் கத்தப்போவதில்லை. அலாரத்தை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அலாரம் நின்றது. பார்த்தேன், சார். திரும்ப ஓட்டினால் டோக்கன் தொங்கிவிடும். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு, மருங்காபுரியிலிருந்து வந்து ஐ.சி.யு.வில் சேர்ந்திருந்த அழகம்மாள் மூச்சு நின்று போய்விட்டார். நர்ஸ் மேஜையில் எந்தச் சத்தமும் வரவில்லை.

அதன்பிறகு அலாரத்தை ஓடவிட்டேன். நின்றதற்கான பதிவை அழித்தேன். 'அலாரம் அடித்தது, நர்ஸ் கவனிக்கவில்லை' என்று ரிப்போர்ட்டும் நான்தான் எழுதினேன். நர்ஸ் சுபலட்சுமியை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் அந்தப் பெண் போன் பண்ணினாள். "அண்ணா, சத்தியமா எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலண்ணா. என் காதுதான் போயிடுச்சா?" என்று ஒரே அழுகை.

எனக்கு மனசே கேட்கவில்லை, சார். ஸ்ரீரங்கத்தில் நல்ல காது டாக்டர் ஒருவர் இருக்கிறார். நம்பரைத் தேடிக் கொடுத்தேன். "சீக்கிரம் போய்க் காட்டிடும்மா, வளர விட்டுடக் கூடாது" என்றேன்.