டைகரின் முன்னங்கால்

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பது குற்றமென்றால், இன்ஸ்பெக்டர் அய்யா, என்னை எப்போதோ உள்ளே வைத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சேதி தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தென்காசிக்கே அது தெரியும்.

அடுத்த வீடு மிராசுதார் தளவாயுடையது. வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய நாய், டைகர், கன்றுக்குட்டி உயரம். அதைப் பார்த்துக்கொண்டவன் இசக்கி. ஆறு வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் எனக்கு அவன் வாயிலிருந்து கிடைத்ததில்லை. "ஆச்சிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்பான். பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

ஆனி மாசம் டைகர் முன்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. பாதத்துக்கு மேலே கல் மாதிரி வீக்கம். பார்த்துவிட்டுப் போன மாட்டு டாக்டர் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். தளவாய் வீட்டார் எல்லாரும் ஆய்க்குடி கோயிலுக்குப் போயிருந்தார்கள், இசக்கியும் வண்டியோடு. டாக்டர் என்னிடம் சொன்னார்:

"சுளுக்கு இல்ல ஆச்சி, எலும்புல புத்துநோய். பெரிய ஜாதி நாய்க்கு இப்படித்தான் கால்ல வரும். யாரும் அடிச்சு வாரதில்ல. எலும்பு உள்ள அரிச்சுப்போச்சு, லேசா இடிச்சாலே முறியும். அருவிக்குக் கிருவிக்குக் கொண்டுபோவ வேண்டாம்னு சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றேன். அவர் உங்களிடம் சொன்னது நிஜம்தான்.

சாயங்காலம் தளவாயின் மனைவி ரெங்கம்மாள் கேட்டாள், "டாக்டர் வந்தாராமே, என்ன சொன்னாரு?"

"அடிபட்ட சுளுக்காம். அருவியில நிறுத்துனா சரியாப்போவுமாம். யாரு அடிச்சான்னு பேச எனக்கு எதுக்குட்டி வம்பு?"

இசக்கியின் பெயரை நான் எடுக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைகால் வலி என்றால் குற்றாலத்தில் போய் நிற்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இசக்கி டைகரைக் கட்டிப்பிடித்து அருவிக்குள் நிறுத்தினான். கால் மளுக்கென்று போயிற்று. தளவாய் நாயைச் சுட்டார். பிறகு இசக்கியைத் தொழுவத்தில் கட்டிவைத்து அடித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரை தீர்ந்த பிறகும் கேட்டது.

மூன்றாம் நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனேன். அவன் மனைவி பேச்சித்தாய் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"நான் அடிக்கல ஆச்சி. அதுக்கு என்னதான் சீக்கு?" என்றான்.

குனிந்து, டாக்டர் சொன்ன அத்தனையையும் ஒரு சொல் விடாமல் அவன் காதில் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். விளக்கு வைப்பதற்குள் உயிரை விட்டான்.

தளவாயை நீங்கள் பிடித்தது சரிதான். என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்? சொல்லச் சொன்ன சேதியை நான் சொல்லாமல் விடவில்லையே, அய்யா.