தளபதி வெளியே வந்த ஆட்டம்

"நீங்க முன்னாடி போய் நில்லுங்க மாமா. செத்தாலும் பரவால்ல."

ஹெப்பாள் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். அவர் போனில் ஒரு போர் விளையாட்டு. இவர் ஒருமுறை படையை நகர்த்தினால், அடுத்து கம்ப்யூட்டர் நகர்த்தும். தளபதிக்குத் தன் பெயரையும் வில்படைத் தலைவிக்கு மனைவியின் பெயரையும் வைத்திருந்தார்.

"கோட்டைக்குள்ள இருந்தாத்தானே பத்திரம்?"

"அப்படி இருந்துதான் தினமும் தோக்கறீங்க. அடிபட்ட ஆளைக் கண்டா கம்ப்யூட்டருக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உங்களத் தொரத்திட்டு வரட்டும். மேட்டு மேல இருந்து நான் அம்பு விடறேன்."

"நான்தான் அடிபட்ட ஆளா?"

"உசுரு கொஞ்சூண்டு இருக்கறது உங்களுக்குத்தானே."

அவர் அரைமனதாகத் தளபதியை வெளியே நகர்த்தினார். எதிரியின் குதிரைப்படை மொத்தமும் கோட்டையை மறந்து அவர்மேல் பாய்ந்தது. மறுபடி இவர்கள் முறை வந்ததும் அவளே எட்டித் திரையைத் தொட்டாள். அம்புகள் பறந்தன. சற்று நேரத்தில் போனில் வெற்றி முரசு கேட்டது.

"ஜெயிச்சாச்சு" என்றார், சுரத்தில்லாமல். "ஆனா நான் செத்துட்டேன் புள்ள."

"விடுங்க மாமா" என்றாள் அவள், இறங்குவதற்குச் சாப்பாட்டுப் பையை எடுத்தபடி. "கோட்டைய நான் பாத்துக்கறேன்."