மொழுமொழு வெல்டு

டீ நன்றாக இருந்தது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த அம்பாசிடர் வேலையைப் பற்றித்தானே கேட்டீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அறிவுச்செல்வன் வேங்கிக்காலில் இருக்கும் என் பட்டறைக்கு அதைக் கொண்டுவந்தபோது வண்டிக்கு முப்பது வயது. அடிச்சட்டம் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஜவ்வாது மலை வளைவுகளில் திரும்பும்போது வண்டியே முறுக்கிக்கொண்டு, பின்கதவு தானாகத் திறந்துகொள்ளுமாம். அவர் மனைவி கீர்த்தனா மலைமேல் ஒரு பள்ளியில் டீச்சர். மகள் இனியாவும் அங்கேதான் படித்தாள். தினமும் இருவரையும் இவர்தான் கொண்டுபோய் விடுவார்.

"கொழந்த பின்னாடி ஒக்காருதுப்பா. அடிச்சட்டத்த ஸ்டிராங்கா பண்ணிடு" என்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

இருபத்தாறு வருஷமாக வெல்டிங் செய்கிறேன். ஆசிரமம் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள்கூடத் தங்கள் புல்லட்டை என்னைத் தேடித்தான் கொண்டுவருவார்கள். துருவை வெட்டி எடுத்து, புதுப் பட்டை வைத்து, முழு நீளத்துக்கும் வெல்டு ஓட்டினேன். நல்ல வெல்டு தடிப்பாக, வரிவரியாகத்தான் இருக்கும். பலமே அந்தத் தடிப்பில்தான் இருக்கிறது. அவர் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாப்பா இது, கரடுமுரடா? வீடியோல மொழுமொழுன்னு இருக்குது. தேச்சி உடு."

"தேச்சா பலம் கம்மியாயிடுங்க சார்."

"கேட்டு, கிரில்லுன்னு வெல்டிங் பண்றவன் நீ. காரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

பட்டறையில் அப்போது நான்கு பேர் நின்றிருந்தார்கள். தேய்த்தேன். மறுநாள் வந்து இன்னும் தேய்க்கச் சொன்னார். வெல்டு மெலிந்துபோகவே, அறுத்தெடுத்து மறுபடி செய்தேன். மறுபடியும் அதே பேச்சு. மூன்று முறை சார், ஒன்பது நாள். சரியாகச் செய்கிறவனைத் தப்பு தப்பு என்றால் எப்படி இருக்கும்? சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

நான்காவது முறை, பின்பக்கச் சட்டத்தில் அவர் கண்ணுக்குப் படாத உட்புறமாக நல்ல வெல்டு வைத்தேன். அது நல்ல யோசனைதான். முன்னால் ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடத்துக்கு வந்தபோது அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. தகடு கீழே விழாதபடி நான்கு இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்தேன். மிச்சத்தை, டிங்கர்காரர்கள் பள்ளம் அடைக்கப் பூசும் பட்டியால் நிரப்பி, உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பட்டிக்கு ஒரு பலமும் கிடையாது.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இப்பதான்பா வேலைன்னு ஒன்னு பண்ணிருக்க" என்றார். ஸ்க்ரூடிரைவரால் ஒரு கீறு கீறியிருந்தால் தெரிந்திருக்கும். மற்ற இடத்தையெல்லாம் கீறிப் பார்த்தவர் அதை மட்டும் கீறவில்லை. நான் ஒன்றும் தடுக்கவில்லையே.

டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டியதும் நான்தான். இனியா பின்சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒரு சுற்றுப் போய் வந்ததும், "அப்பா, இப்ப தொறக்கவே இல்ல" என்று சிரித்தாள். பின்பக்க வேலை சுத்தம் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுத்துப்போன ஆறாம் நாள் காலை ஏழரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார். குரலே மாறியிருந்தது.

"அண்ணா, ஸ்டியரிங் பக்கம் கடக்கு கடக்குனு சத்தம் வருதுங்க. எனக்கு ஒன்னும் புரியல. நீங்க சொன்னா சரி. மேல ஏறலாங்களா, திரும்பிடட்டுங்களா?"

அண்ணா என்றார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொட்டுகள் விட்டுக்கொண்டிருக்கின்றன என்று அவர் சொன்னதுமே தெரிந்துவிட்டது. ஸ்கூலுக்கு லேட்டாகிறது என்று குழந்தை சொல்வதும் போனில் கேட்டது.

"புது வெல்டு பழகுற சத்தம் சார். தைரியமா ஏறுங்க" என்றேன்.

எட்டு மணிக்கு, மூன்றாவது வளைவில், ஸ்டியரிங் பெட்டி பிய்த்துக்கொண்டது. மூன்று பேர் உடலையும் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித்தான் தூக்கினார்களாம். ஆமாம் சார், தெரிந்தேதான் சொன்னேன். ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னை அவ்வளவு அவமானப்படுத்தியவரிடம் அன்றைக்கு நான் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசவில்லை.