தலையணை மேல் வைத்த சீட்டு

தலையணை உறை மாற்றுவதைப் போல மனசுக்கு இதமான வேலை கப்பலில் வேறு இல்லை. மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் போதும், முந்தின நாள் தூக்கம் முழுக்கப் போய்விடும். பதினேழு வருடமாக உதறுகிறேன். தோள்பட்டை இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதற்காகக் குறை சொல்ல மாட்டேன்.

அதிகாரி ஐயா, கைக்கடிகாரம் என் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதைச் சாட்சி மாதிரி என் எதிரிலேயே மேசையில் வைத்துவிட்டு, பத்து மணிக்கு வந்து தாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனீர்கள். நான் எழுத்துக் கற்றது நாற்பது வயதில். மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒன்றையும் விட மாட்டேன்.

நான் திருடன் இல்லை. ஏழாம் தளத்துக் கடைசி அறைப் பெரியவர் தம் கையாலேயே அதைக் கழற்றிக் கொடுத்தார். அவரும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய வீட்டம்மாதான், "அவர் சொல்றதை எடுத்துக்காதீங்க சார், அவருக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கறதில்லை" என்றுவிட்டார். அவர் பேச்சு செல்லாது என்றால் என் பேச்சும் செல்லாது. ஆகவே அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். பணியாளர் சாப்பாட்டுக்கூடத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அலாரம். காலை ஒன்பதுக்கு அறையைச் சுத்தம் செய்ய நான் போனால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தபடி நிற்பார். கைப்பேசிகள் இரண்டையும் கரை வரும்வரை வேண்டாமென்று பெட்டகத்தில் பூட்டிவிட்டார். அறைத் தொலைக்காட்சியின் ஓரத்தில் கப்பல் நேரம் ஓடும். எனக்கு ஒரு பெட்டி நேரம் சொல்வதா என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். அந்த அம்மா கடிகாரமே கட்டியதில்லை. பல் துலக்கிக்கொண்டே "ஏங்க, மணி என்ன" என்பார். இவர் சொல்வார். நாற்பது வருடக் குடித்தனம் இந்த ஒரு கேள்வியிலேயே ஓடியிருக்கும் போல.

நடுக்கடலில் மூன்றாம் நாள் நான் நான்கு நிமிடம் தாமதம். பக்கத்து அறைக்காரரின் பல்செட் கழுவுதொட்டிக் குழாய்க்குள் போய்விட்டது, எடுத்துக் கொடுத்தேன். அலாரம் காரணம் கேட்கவில்லை, புகார் அட்டை எழுதினார். அவர் எழுதியதில் அது இரண்டாவது. மூன்று சேர்ந்தால் ஆளைச் சலவைக்கூடத்துக்கு இறக்கிவிடுவீர்கள். அங்கே ஜன்னல் கிடையாது, நீராவி உண்டு, ஈரத்துணி மூட்டை உண்டு. இந்தத் தோளை வைத்துக்கொண்டு அங்கே ஒரு மாதம் தாங்க மாட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. நேரம் எவ்வளவு சின்ன சமாசாரம் என்று அவருக்குக் காட்டலாமென்று தோன்றியது, அவ்வளவுதான்.

மேற்கே போகும் கப்பலில் சில இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். அதற்கான சீட்டை மாலையில் தலையணை மேல் வைப்பது என் வேலை. அன்று எல்லா அறைகளிலும் வைத்தேன், அந்த ஒரு அறையைத் தவிர.

மறுநாள் என் மச்சினன் வந்து சொன்னான். அவன் பயணிகள் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவன். "மாமா, உங்க அலாரம் ஏழுக்குத் திறக்கற கூடத்துக்கு ஆறு மணிக்கே வந்து பூட்டின கதவோட சண்டை போட்டுட்டிருந்தாரு. கதவு ஒரு வார்த்தை பதில் பேசலையே." பணியாளர் கூடமே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அறையைச் சுத்தம் செய்யும்போது, வைக்காமல் விட்ட சீட்டை மடித்து அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். மதியம் அவரே கண்டெடுத்தார். யாரோ வைத்தார்கள் என்றால் சந்தேகம் வரும். தானே எடுத்து வைத்து மறந்ததாகத் தோன்றினால் வராது. இதை யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நேரமே மாறாத ஓர் இரவில் சீட்டு வைத்தேன். காலையில் அவர் கடிகாரப்படி மிகச் சரியாக ஒன்பதுக்குப் போய் நின்றேன். கப்பலுக்கு அப்போது பத்து. "இப்பத்தான் நீ மனுஷன்" என்று மெச்சினார். அவர் குளியலறைக்குள் போனதும் சீட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று பதினொரு மணிக்குப் பயணிகளுக்கான பாட்டுப் போட்டி இருந்தது. அந்த அம்மா பெயர் கொடுத்திருந்தார். குளியலறையில் அவர் பாடிப் பழகியதை ஒரு வாரமாக நான் கேட்டிருக்கிறேன். மேல்ஸ்தாயியில் கொஞ்சம் தடுமாறும், மற்றபடி நல்ல குரல். பட்டுச் சேலையும் புருஷனுமாக அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

துண்டு மாற்றப் போனபோது பெரியவர் மெத்தையைப் புரட்டிச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "விடுங்க. நாப்பது வருஷம் உங்களைக் கேட்டாச்சு. இனிமே வேற யாரையாவது கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நேற்று சீட்டு வைத்தாயா என்று என்னைக் கேட்டார். நேற்று நேர மாற்றமே இல்லையே ஐயா என்றேன். அது உண்மைதான்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது. முதல்ல நேரம் தப்புச்சு. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி. அப்புறம் அவன் பேரு. இப்ப பராமரிப்பு இல்லத்துல கிடக்கான், ரெண்டு பக்கமும் கம்பி வச்ச கட்டில்ல. அவளுக்கு அது ஞாபகம் வந்துடுச்சு. நீ எதையும் வெளியில சொல்லிடாதே."

சொல்லவில்லை. நான் ரகசியம் காப்பவன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் அந்த வாரம்தான் அட்டை வருவது நின்றிருந்தது. வாசலில் யாரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒன்பதேகாலுக்குப் போனால்கூட "வாப்பா" என்றார். பதினேழு வருடத்தில் முதல் தடவையாகப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினேன். நல்லபடியாகப் போகும் வேலையைப் பாதியில் விட மனசு வரவில்லை. அவருக்கும் நல்லதுதான். கவலையில்லாத மனிதர்கள் எத்தனை பேர் கடிகாரம் பார்க்கிறார்கள்.

இன்னும் மூன்று இரவுகள் செய்தேன். ஒருநாள் மேல்தளத்தில், நடனம் பழகும் நேரமென்று நினைத்து, ஆளில்லாத இடத்தில் அவர் தனியாக நின்றார். சற்று நேரம் கழித்து ஜோடியைப் பிடித்திருப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு தானே இரண்டு சுற்றுச் சுற்றினார். என் மச்சினன் அதை நடித்துக் காட்டுவான், நீங்கள் பார்க்க வேண்டும்.

கடைசி நாள் நான் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைக் கழற்றினார்.

"இதைப் பாக்கப் பாக்க பயமா இருக்கு. நீ வச்சுக்கோ. எப்பவும் சரியான நேரத்துக்கு வர்றவன் நீ ஒருத்தன்தான்."

வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டேன். பெரியவர்கள் கொடுப்பதை அதற்குமேல் மறுப்பது மரியாதை இல்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். சீட்டை வைக்காமல் மறைத்தது மூன்று தடவை, இல்லாத சீட்டை வைத்தது இரண்டு தடவை. ஐந்தையும் செய்தது நான். அவருக்கு ஒரு மறதியும் இல்லை. கடிகாரத்தைத் தந்தேன் என்று அவர் சொன்னால் தந்திருக்கிறார் என்று பொருள். திருட்டுப் பழியை நீக்கிவிடுங்கள்.

இந்த அறை ஜன்னலிலிருந்து துறைமுகம் நன்றாகத் தெரிகிறது. அவர்களுடைய மகன் வண்டியோடு வந்து நிற்கிறார். மச்சினன் காலையில் சொன்னான், நேராக அண்ணன் இருக்கும் இல்லத்துக்கே கூட்டிப் போகிறார்களாம், பத்து மணிக்குக் கிளம்பினால்தான் இன்றைக்கே சேர்த்துக்கொள்வார்களாம். பெரியவர் பின்சீட்டில் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு இருக்கிறார். அந்த அம்மா ஒரு சுமைத்தொழிலாளியை நிறுத்தி என்னவோ கேட்டார். மணியாகத்தான் இருக்கும். இந்த அறையின் கதவு பூட்டவில்லை. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றீர்கள், சொன்ன சொல்லை மீறுவது என் வழக்கம் இல்லை.

வண்டி இப்போதுதான் போயிற்று. மேசைமேல் இருக்கும் கடிகாரம் பத்து மணி நான்கு நிமிடம் காட்டுகிறது, அது ஒருநாளும் தப்பாக ஓடியதில்லை. நீங்கள் பத்துக்கு வந்திருந்தால் அவரை நிறுத்தியிருக்கலாம். நான்கு நிமிடத் தாமதம் உங்களுடையது, ஐயா. அதற்கும் ஒரு அட்டை இருந்தால் கொடுங்கள், எழுதி வைக்கிறேன்.